தாலியைக் கழிக்கும் கணித மேதைகளுக்கு வாழ்த்துமடல்

ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை கொலுவீற்றிருக்கும் ஆள்சேர்ப்புச் சக்கரவர்த்திகளே! ஐபோன் பாகங்களைப் பொருத்த எந்தக் கை தகும், எந்தக் கை தகாது என்பதை ஒரே கேள்வியில் தீர்த்துவைக்கும் தங்கள் பேரறிவை எந்த நாவால் புகழ்வோம்?

2023 மார்ச்சில் வேலை தேடி இரு சகோதரிகள் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலைக்கு வந்தார்கள். சான்றிதழைப் புரட்டுவது, மதிப்பெண் கேட்பது போன்ற அற்பக் காரியங்கள் தங்கள் மாட்சிமைக்கு அடுக்குமா? கல்யாணமாகிவிட்டதா என்று வாசலிலேயே காவலர் கேட்டார். ஆம் என்றதும் நேர்காணல் இனிதே நிறைவுற்றது. அவர்களை ஏற்றிவந்த ஆட்டோக்காரருக்கும் இந்தச் சாஸ்திரம் மனப்பாடம். 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட புலனாய்வால் தங்கள் கீர்த்தி கடல் கடந்தது.

மணமானவளை ஒதுக்கத் தாங்கள் கண்ட காரணங்கள்தான் என்னென்ன! குடும்பப் பொறுப்பு, பிள்ளைப்பேறு, விடுப்பு, போதாக்குறைக்கு நகை! காலணிக்குள் ஒடுங்கிக் கிடக்கும் மெட்டி, மேசைமேல் நடக்கும் கைவேலையைக் குலைத்துவிடும் எனக் கண்டறிந்த தங்கள் விஞ்ஞானத்துக்கு நோபல் பரிசும் சிறிதே. உற்பத்தி நெருக்கடி வந்தால் அதே மெட்டி தோஷம் நீங்கி உள்ளே வரலாமாம். என்னே பரந்த உள்ளம்!

ஜார் ஆண்ட ரஷ்யா பாவம், பின்தங்கிய தேசம். மணமாகாத பெண் தகப்பன் அனுமதியின்றி வெளிநாட்டில் படிக்க முடியாது. சோஃபியா கோவலெவ்ஸ்கயா 1868இல் பெயருக்கு ஒரு கல்யாணம் செய்துகொண்டு ஜெர்மனி போய், 1874இல் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். தாங்களோ அந்தச் சமன்பாட்டையே தலைகீழாக்கினீர்கள். இல்லாத தாம்பத்தியத்தை இருப்பதாகக் காட்டினார் அவர். இருக்கும் தாம்பத்தியத்தை இல்லையென்று காட்டிப் பிழைக்கிறாள் எங்கள் ஊர்ப் பெண். கணக்குப் பட்டதாரியானாலும் கட்டியவன் பெயரைக் குடும்ப ரகசியமாக்கி விழுங்க வேண்டும்; அதை மறைக்கக் கைகொடுக்கும் முகவர்களும் உண்டென்றால், தங்கள் கருணைக்குக் கரையேது!

பெண்ணை வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு கூடாதென 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அப்போது முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பாகுபாடே இல்லையென்று ஆலை மறுத்தது. அதிகாரிகளிடம் அது தந்த கணக்கில் 33,360 பெண்கள். மணமானவர்கள் சுமார் 2,750 பேர், நூற்றுக்கு எட்டு. எவரும் எவரையும் தடுக்காமலே இப்படி அமைந்ததென்றால் நிகழ்தகவுக் கணிதமே தங்கள் காலில் விழுந்து பாடம் கேட்கட்டும். அதன்பின் விளம்பரத்தில் மணநிலையைக் குறிப்பிட வேண்டாமென்று முகவர்களுக்கு உத்தரவு போனதாகவும் செய்தி. எழுத்தை அழித்தால் எண்ணமும் அழியும் என்பது எவ்வளவு எளிய சூத்திரம்!

இத்தகைய மேதைகளை ஈன்றவர்களும் மெட்டியணிந்து, கருவுற்று, வேலைக்கு விடுப்பெடுத்த மணமான பெண்களே என்று ஊரார் புறம்பேசுகிறார்கள். அந்தத் தாய்மாரின் வருகைப் பதிவேட்டையும் தேடியெடுத்து, தங்களைப் பெற்ற நாளுக்குரிய கூலியைப் பிடித்தம் செய்ய ஆணையிடுங்கள், தர்மப் பிரபுக்களே. அப்போதுதான் தங்கள் நீதி குறைவற நிறைவேறும்.