பலிக்காத வாக்கு

சட்டம் படித்தவன், வாஷிங்டனிலேயே குடியிருப்பவன் என்று என் நண்பர்கள் நம்பி ஆரூடம் கேட்பார்கள். நானும் அடித்துச் சொல்வேன். எங்கள் நகர அரசின் தலைமை வழக்கறிஞராக, அதாவது அட்டர்னி ஜெனரலாக, இருந்த கார்ல் ரசீன் விஷயத்தில் மட்டும் நான் சொன்னதில் ஒன்றுகூடப் பலித்ததில்லை.

எங்கள் நகரத்துக்கு அட்டர்னி ஜெனரலை மேயர்தான் நியமித்துவந்தார். இனி மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்று 2010 வாக்கெடுப்பில் முடிவாகி, முதல் தேர்தல் 2014-இல் என்றார்கள். நகர மன்றம் அதை 2018-க்குத் தள்ளப் பார்த்ததும், "அவ்வளவுதான், கதை முடிந்தது" என்றேன். பால் சூக்கர்பெர்க் என்ற வழக்கறிஞர் கோர்ட்டுக்குப் போனார். 2014 நவம்பரிலேயே தேர்தல் வந்தது. "பந்தல் போட்டவர்தான் மாப்பிள்ளை" என்று அடுத்த ஆரூடம். ஐந்து பேர் போட்டியிட்டதில் அவர் தோற்றார், ரசீன் ஜெயித்தார்.

அந்தத் தேர்தல் சமயத்தில் என் வீட்டு வாசலில் இருந்த பார்சல் களவுபோனது. உள்ளே அம்மா அனுப்பிய பருப்புப் பொடி. துண்டறிக்கை கொடுக்க வந்த தொண்டரிடம், "உங்கள் ஆள் வந்தால் திருடனைப் பிடிப்பாரா?" என்றேன். "திருடியது சின்னப் பையனா, பெரியவனா சார்?" என்று கேட்டார். இந்த ஊரில் சிறார் குற்றம் அட்டர்னி ஜெனரல் பொறுப்பு. பெரியவர்களின் திருட்டு, கொள்ளையெல்லாம் மத்திய அரசு வழக்கறிஞருக்குப் போய்விடும். சட்டம் படித்த எனக்கு அதைத் துண்டறிக்கைத் தம்பி சொல்லித்தர வேண்டியிருந்தது.

ரசீன் ஹைட்டியில் பிறந்தவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்குக் கேப்டன். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக வாதாடியவர். கிளிண்டன் காலத்து வெள்ளை மாளிகையிலும் சட்ட வேலை பார்த்தவர். ஆனாலும், பிறகு பெரிய சட்ட நிறுவனமொன்றை நிர்வகித்தார் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, "பெரிய இடத்தில் கைவைக்க மாட்டார்" என்றேன். 2017-இல் மேரிலாந்து மாநிலத்தோடு சேர்ந்து அதிபர் ட்ரம்ப் மீதே வழக்குப் போட்டார்: பதவியில் இருந்துகொண்டே தன் ஹோட்டல் வழியாக வெளிநாட்டு அரசுகளின் பணத்தை வாங்குகிறார் என்று. 2018-இல் ஃபேஸ்புக். 2021-இல் அமேசான்.

"ட்ரம்ப் கணக்குவழக்கு சந்திக்கு வரும், பாருங்கள்" என்றேன். அவர் பதவி இறங்கியதும், இனி இதற்கு அவசியமில்லை என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. அமேசான் வழக்கைக் கீழ்க்கோர்ட் 2022-இல் தள்ளுபடி செய்தபோது, "பால் ஊற்றியாச்சு" என்றேன். 2024-இல் மேல்கோர்ட் அதை எழுப்பி உட்காரவைத்தது. அதற்குள் ரசீன் இரண்டு பதவிக்காலம் முடித்து வீட்டுக்கே போய்விட்டார்.

மேல்கோர்ட் தீர்ப்புச் செய்தி வந்த வாரம் நண்பர் ஒருவர், "அண்ணே, அமேசான் கேஸ் ஜெயிக்குமா?" என்று ஆரம்பித்தார். நான் தொண்டையைச் செருமினேன். என் மனைவி முந்திக்கொண்டாள்: "அவரைக் கேட்காதீங்க தம்பி. கேஸ் இப்பத்தான் பிழைச்சு எழுந்திருக்கு."