யூனிட் எவ்வளவு?

தாய்லாந்தின் ஹுவா ஹின்னில் கடலைப் பார்க்க யாரிடமும் வழி கேட்க வேண்டாம், கிழக்கே நடந்தால் போதும். வாடகைக்கு வீடு பார்க்கத்தான் அவரிடம் போக வேண்டும். அவர் என்றால் ஒரே ஆள் இல்லை. நார்வேக்காரர், ஜெர்மன்காரர், இங்கிலாந்துக்காரர் என்று காபிக் கடைக்கு ஒருவர் வீதம் இருப்பார். இரண்டு வாரம் வெயில் காய வந்து, பதினோரு வருஷமாகக் குடியிருப்பவர். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, தோல் உரிந்த மூக்கு, கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். ஃபைல் இல்லாமல் தென்பட்டால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

2019ல் எட்டு மாதம் வேலையாக அந்த ஊரில் இருக்க நேர்ந்தபோது எனக்கு வாய்த்தவர் நார்வேக்காரர். வீடு தேடுகிறேன் என்று நான் சொல்லி முடிக்கவில்லை, "யூனிட் எவ்வளவு?" என்றார். எத்தனை அறை, கடல் தெரியுமா, கொசு உண்டா, எல்லாம் அப்புறம். அப்போது அரசு யூனிட்டுக்குச் சுமார் 4 பாட் வாங்கியது. வீட்டுக்காரர்களில் பலர் தங்கள் மீட்டரை மாட்டி 7, 8 என்று வாங்கினார்கள். ஏசி போடாமல் ஏப்ரலைத் தாண்ட முடியாத ஊரில் அந்த மூன்று நாலு பாட்தான் அவருடைய அரசியல், ஆன்மிகம், ரத்த அழுத்தம் எல்லாம்.

தான் இருக்கும் வரிசையிலேயே ஒரு வீடு காலியென்று அழைத்துப் போனார். பெண் பார்க்கப் போன பெரியப்பா மாதிரி உள்ளே நுழைந்தார். குழாய்களை ஒன்றாகத் திறந்துவிட்டு, கண்ணை மூடி மோட்டார் சத்தத்தைக் கேட்டார். சுவரின் ஒவ்வொரு கீறலுக்கும் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்தார். போகும்போது இரண்டு மாத டெபாசிட்டில் பிடித்தம் செய்யாமலிருக்க அத்தாட்சியாம். அறுபத்தேழு படம். வீட்டுக்காரம்மா வாசல் திண்ணையில் உட்கார்ந்து மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் பதினோரு வருஷப் பழக்கம் தெரிந்தது.

அவர் அவளிடம் பேசும் தாய்லாந்து மொழி மொத்தம் ஒரு சொல்: 'பேங்'. விலை அதிகம் என்று பொருள். அதை மட்டும் ராகம் பிசகாமல் சொல்வார்.

வாசலில் எல்லா வீடுகளையும் போல ஒரு குட்டி ஆவி வீடு, கம்பத்தின் மேல். காலையில் வீட்டுக்காரம்மா அதற்குச் சிவப்பு ஃபேன்டா புட்டி திறந்து, ஸ்ட்ராவும் போட்டு வைப்பாள். "இந்த வளாகத்தில் வாடகை கொடுக்காமல் இருப்பது அது ஒன்றுதான், அதற்குத்தான் குளிர்பானமும்" என்று அவர் முணுமுணுப்பார்.

கடலுக்குக் கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டேன். யோசித்தார். கடற்கரை நவம்பரில் வந்து பிப்ரவரியில் போகும் மூன்று மாதக்காரர்களுக்கானது என்றார். சீசன் வாடகை என்று கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, மீட்டரைத் திரும்பியும் பார்க்காமல் போகிறவர்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் பரம்பரை மிராசுதாரின் ஏளனம் இருக்கும்.

அந்தக் கடற்கரையில் ஏழாம் ராமா மன்னர் 1920களில் கட்டிய அரண்மனை இருக்கிறது. பெயர் 'க்ளை கங்வோன்', கவலைக்குத் தூரம். 1932ல் பாங்காக்கில் அவருடைய முழு அதிகாரத்தையும் பறித்துக்கொண்டபோது மன்னர் இந்த ஊரில்தான் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார். மன்னர் கதையே அப்படி இருக்க, பென்ஷன்காரர் எம்மாத்திரம்? ஆஸ்லோவின் பனிக்கும் படிவங்களுக்கும் பயந்து ஓடி வந்தவர், இங்கே வங்கியில் 8 லட்சம் பாட் இருப்புக் காட்டி ஆண்டுதோறும் அனுமதியை நீட்டிக்கிறார். 90 நாளுக்கு ஒரு முறை இன்னும் அதே விலாசத்தில்தான் இருக்கிறேன் என்று போய்ச் சொல்கிறார். வெளிநாட்டுக்காரர் வந்து தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும், அதற்கு டி.எம். 30 என்று ஒரு படிவம். அந்த வருஷம் அதில் கெடுபிடி அதிகம். வீட்டுக்காரம்மாவுக்கு அதிலெல்லாம் சிரத்தை இல்லை. இவரே பூர்த்தி செய்து, பேனாவும் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவார். தன்னைப் பற்றித் தானே துப்புக் கொடுக்கும் மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஃபைலின் முதல் உறையில், ஞானஸ்நானச் சான்றிதழ் மாதிரி பிளாஸ்டிக் ஒட்டிய ஒரு தாள். ஐந்து வீடும் அதற்கு மேலும் வாடகைக்கு விடுகிறவர்கள் அரசுக் கட்டணத்துக்கு மேல் மின்சாரத்துக்கு வாங்கக் கூடாது என்று 2018ல் வந்த விதி. அதை என்னிடம் மூன்று முறை காட்டினார்.

"அப்புறம் என்ன, அந்தம்மாவிடம் காட்டுவதுதானே?"

ஃபைலை மூடினார். "அவளுக்கு நாலு வீடு."

ஆகஸ்டில் எங்கள் வரிசையை ஒட்டிய காலி மனையில் அஸ்திவாரம் தோண்டினார்கள். இரைச்சலுக்குப் பயந்து ஒரு குடும்பமே வேறு இடம் பார்த்துப் போய்விட்டது. அவரோ விடியற்காலையில் எழுந்து போய் நின்றார். கம்பியை எண்ணினார். கொத்தனார்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். ஒரு பையன் வேலைக்கு வராத நாளில் முகம் வாடி, வீட்டுக்காரம்மாவிடம் போய் விசாரித்தார். பதினோரு வருஷத்தில் அவர் 'பேங்' சொல்லாமல் அவளோடு பேசியது அந்த மாதம்தான்.

நான் ஊரைவிட்டுக் கிளம்பியபோது கூரை வரைக்கும் வந்திருந்தது. சாவியைக் கொடுக்கப் போனேன். அறுபத்தேழு படங்களுக்கும் வேலையில்லை, வீட்டுக்காரம்மா உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் டெபாசிட்டை எண்ணிக் கையில் வைத்தாள். புது வீடு நன்றாக வருகிறது என்று மரியாதைக்குச் சொன்னேன்.

"என் வீடா? மனையே தங்கச்சி பேரில்தான் இருக்கிறது" என்றாள்.

வெளியே வந்தேன். அரைக்கால் சட்டை நனைய, ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு, புதுச் சுவருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார் அவர். ஃபைலை மணல் குவியலின் மேல், நனையாத இடமாகப் பார்த்து வைத்திருந்தார்.

"சிமென்ட் நன்றாக இறுக வேண்டுமல்லவா?" என்றார்.

நன்றாக விடுங்கள் என்றேன்.