குதிரை கேள்வி

கேள்வி: போலந்தின் கோனிக் குதிரையைப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் சவாரிக்கு விட்டால் எப்படி?
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: அதற்கு ஆட்சேபணை இருக்காது; வெயிலுக்குத்தான் ஆட்சேபணை. பனியில் மேய்ந்து பழகிய உடம்பு அது. எலிச் சாம்பல் நிறம், முதுகு நெடுக ஒரு கறுப்புக் கோடு, உயரம் சுமார் நாலரை அடி. ஏரும் வண்டியும் இழுத்த குடியானவர் குதிரை. அழிந்துபோன தார்ப்பான் காட்டுக் குதிரையை இதிலிருந்து மீட்கலாம் என்று 1936-இல் வெதுலானி என்ற பேராசிரியர் பியாவோவியெஷா காட்டில் இறங்கினார். தார்ப்பானுக்கு நேர் வாரிசு என்ற அந்தப் பெருமையை இன்றைய மரபணு ஆய்வுகள் ஒப்புக்கொள்ளவில்லை. குதிரை அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இன்று அதன் உத்தியோகம் மேய்வது. 1980-களில் டச்சுக்காரர்கள் வாங்கிப்போய்ச் சதுப்பு நிலத்தில் விட்டார்கள், புதர் மண்டாமல் இருக்க. சம்பளம் புல்தான்.

டச்சுக்காரர்கள் நமக்கும் பழக்கமானவர்களே. 1693 முதல் 1699 வரை புதுச்சேரியை வைத்திருந்து, நேர்கோட்டுத் தெருக்களுக்கு வரைபடம் போட்டவர்கள். யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவில் குதிரையும் வளர்த்தார்கள். அந்த வம்சத்துக் குள்ளக் குதிரைகள் இன்றும் அங்கே லாயமும் லாடமும் இல்லாமல் திரிகின்றன. கோடையில் தண்ணீருக்குத்தான் திண்டாட்டம். குதிரை பார்க்க ஆசையென்றால் போலந்துக்கு விசா கேட்காதீர்கள், நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் படகு ஏறுங்கள்.

அதற்கும் வசதியில்லையா? ஊர் எல்லை ஐயனார் கோயிலுக்குப் போங்கள். கொள்ளுச் செலவு கிடையாது.