துணைக் கேள்வியில்தான் பிடி

கேள்வி: ஊர்ப் பிரச்சினையை அவையில் கேட்டு என்ன பயன்? அமைச்சர் ‘ஆவன செய்யப்படும்’ என்பார், அவ்வளவுதானே?
(திருவானைக்காவல் வாசகர்)

பதில்: அப்படித் தள்ளிவிடாதீர்கள். அவர் சொன்னது அவைக்குறிப்பில் ஏறிவிடுகிறது. அடுத்த கூட்டத்தொடரில் ‘செய்த ஆவன எவை?’ என்று கேட்கலாமே! மக்களவையில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் நாளொன்றுக்கு 20. அவற்றுக்கு அமைச்சர் வாய்திறந்து பதில் சொல்ல வேண்டும். கூடவே துணைக் கேள்விகள் வரும். அதிகாரிகள் எழுதிக் கொடுத்த தாள் முதல் பதிலோடு சரி. அப்புறம் அமைச்சருக்கே விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் காவிரிப் பாலம் 1976-இல் கட்டியது. 2022 கடைசியில் பழுதுபார்க்க மூடி, 2023 மார்ச்சில் திறக்கும்வரை ஸ்ரீரங்கமே சுற்றிக்கொண்டு போனது. இதைப் பற்றி ‘அரசு அறியுமா?’ என்று கேட்டால் ‘அறியும்’ என்று பதில் வரும். ‘அடுத்த ஆய்வு எந்த மாதம்? அறிக்கையை அவையில் வைப்பீர்களா?’ என்று கேட்க வேண்டும்.

பொன்மலை ரயில்வே தொழிலாளர் தலைவர் அனந்தன் நம்பியார் 1962-இலும் 1967-இலும் வென்ற திருச்சி எம்.பி. 1964 இறுதியில் விசாரணையின்றிச் சிறையில் வைத்தார்கள். அவைக்குப் போவது என் உரிமை என்று உச்ச நீதிமன்றம்வரை வழக்காடி, 1965-இல் தோற்றார். பயனில்லாத இடத்துக்கா ஒரு மனிதர் அப்படிப் போராடுவார்?

எம்.பி.க்கு எழுதுவதென்றால் இந்த வாரமே எழுதுங்கள். மக்களவைக் கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும்.