ஓரம் அடிக்காத அத்தை

கூடலூரில் தொடங்கித் தேனி வரை, கம்பம் பள்ளத்தாக்கின் எந்த ஊரிலும் அவருடைய வீட்டைத் தேடி அலைய வேண்டாம். ஏதாவது ஒரு தையல் கடையில் ஏறி, "இந்த வெட்டுத்துணியெல்லாம் யாருண்ணே வாங்கிட்டுப் போறது?" என்று கேளுங்கள். டெய்லர் வாயில் கடித்திருக்கும் ஊசியை எடுக்காமலே தெருவைக் காட்டுவார். ரவிக்கைக்கு வெட்டியதில் மிஞ்சிய பிறை, சுடிதார் கழுத்திலிருந்து விழுந்த வட்டம், பள்ளிச் சீருடையின் கட்டம் போட்ட ஓரம் எல்லாம் சாயங்காலமானால் அத்தை வீட்டுக்குக் கிளம்பிவிடும். முன்பெல்லாம் இவை தலையணைக்குள் போயின, கால்மிதியாயின, ஸ்கூட்டர் துடைத்தன. இப்போது பீரோவில் கலையாகக் காத்திருக்கின்றன.

ஊருக்கே அத்தையான இவர் செய்வது ஒட்டுத்துணிப் போர்வை. அப்படிச் சொன்னால் அவருக்கு முகம் சுருங்கும். "கில்ட்டுன்னு சொல்லுப்பா" என்பார். மேலே ஒட்டுப்போட்ட துணி, நடுவே பஞ்சு, அடியில் லைனிங், மூன்றையும் சேர்த்து ஓட்டிய தையல், கடைசியில் சுற்றிலும் ஓரம் என்று அதற்கு இலக்கணம் உண்டு. ஓரத்தைத் தவிர மற்ற நான்கும் அத்தை வீட்டில் பார்க்கக் கிடைக்கும். ஆனால் நான்கும் ஒரே போர்வையில் கிடைக்காது.

ஆரம்பிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. யூடியூபில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி கத்தரிக்கோலை எடுத்தால், இங்கே அத்தை பீரோவைத் திறப்பார். முதலில் வந்தது ஒன்பது கட்டம்: மூன்றுக்கு மூன்றாகச் சதுரங்கள். அது பாதியில் நிற்கும்போது லாக் கேபின் வந்தது. நடுவில் ஒரு சிவப்புச் சதுரம், அது மரவீட்டின் கணப்பு அடுப்பு. அதைச் சுற்றிச் சுற்றி நீளப்பட்டிகள், அவை சுவரின் மரக்கட்டைகள். "அடுப்பு மூட்டியாச்சு, சுவருதான் பாக்கி" என்று அறிவித்துவிட்டு அத்தை பறக்கும் வாத்துக்குப் போனார். அது முக்கோணங்களின் வரிசை. வாத்துகள் ஊர் எல்லை தாண்டும் முன்பே அறுகோணம் கண்ணில் பட்டது. கெட்டிக் காகிதத்தை அறுகோணமாக நறுக்கி, அதன்மேல் துணியை மடித்துப் பிடித்து, கையால் இணைக்கிற வேலை. வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் கல்யாணத்துக்கு முன்பே அறுகோணமாயின. மாமா நான்கு துண்டுகளைச் சேர்த்து வைத்து முகூர்த்த நேரம் படித்தார்.

பழைய வேலையைத் தொடாமலிருக்கப் புது டெக்னிக்கைவிடக் கண்ணியமான காரணம் உலகத்தில் கிடையாது. "கை பழகட்டும்னுதான் இதை ஆரம்பிச்சேன். கை பழகிருச்சுன்னா அதை முடிச்சிருவேன்ல" என்பார். கையும் பழகிவிட்டது, ஆரம்பிப்பதற்கு.

கணக்கும் அவருக்குச் சதி செய்யும். இந்த வேலையில் தையலுக்கு விடும் துணி கால் அங்குலம், அதாவது கொத்தனார் கணக்கில் இரண்டு நூல். அதில் அரை நூல் கூடினால் சேரும் இரண்டு துண்டிலுமாக ஒரு நூல் போகும். எட்டுத் தையலில் முழுசாக ஒரு அங்குலம் காணாமல் போய்விடும். பக்கத்து வரிசையில் அது போகாததால் சதுரமாய்ப் பிறந்த போர்வை இடுப்பில் கையூன்றி நிற்கும். பிரித்துத் தைக்கலாம். ஆனால் பிரிப்பதற்கு யூடியூபில் அழகான வீடியோ இல்லை.

துணிக்குப் பஞ்சமில்லை. வளைகாப்பு, சடங்கு, பால் காய்ச்சு என்று தாம்பூலத்தோடு வருகிற ப்ளவுஸ் பிட்டு யாருடைய ரவிக்கையாகவும் ஆவதில்லை. ஒரு வீட்டு விசேஷத்தில் வாங்கி அடுத்த வீட்டு விசேஷத்தில் கொடுப்பதே அதன் பிழைப்பு. அத்தை வீடுதான் அதற்குக் கடைசி நிறுத்தம். மதுரைச் சுங்குடியின் அரக்குச் சிவப்பை வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்து, முதல் சலவையிலேயே ரோஜா நிறப் போர்வை ஒன்றைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அதையும் டெக்னிக் என்றே பதிவு செய்தார்.

பஞ்சுக்கும் குறைவில்லை, பக்கத்தில் போடி இருக்கிறது. இலவம்பஞ்சு மெத்தைக்குப் பேர்போன ஊர். ஆனால் இலவம்பஞ்சு வழுக்கும், இழை குட்டை, எளிதில் நூற்க வராது. நெருக்கித் தைத்தால்தான் போட்ட இடத்தில் நிற்கும். அதற்குள் அடுத்த டெக்னிக் வந்துவிடுவதால் பஞ்செல்லாம் ஒரு மூலைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். இலவு காத்த கிளியை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் அத்தையின் தம்பி மகளைப் பார்க்கலாம். வளைகாப்பன்று அவளுக்குத் தொட்டில் போர்வை வாக்களிக்கப்பட்டது. குழந்தை பிறந்ததும், "இன்னும் நாலு வரிசை சேத்தா கட்டிலுக்கே ஆகும்த்தா" என்றார். பையன் பள்ளிக்கூடம் போனான். இன்னும் நாலு வரிசை. அவனும் வளர்கிறான், போர்வையும் வளர்கிறது. பேசாமல் அவன் கல்யாணத்துக்கு மொய்யாக எழுதிவிடலாம் என்று இப்போது பேச்சு.

வருஷத்தில் எந்த மாசமும் முடிப்பதற்குத் தோதாக அமைவதில்லை. தை மாதம் பொங்கல் வேலை. பங்குனியில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும், தும்மல். சித்திரையில் வெக்கை, அதோடு வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. ஆடியில் துண்டுகளை மொட்டைமாடியில் பரப்பி அழகு பார்த்தார். அம்மியைத் தூக்குகிற காற்றுக்கு ஒன்பது கட்டம் எம்மாத்திரம்? மூன்று தெருக்காரர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். ஐப்பசியில் மழை, கரண்ட் இருக்காது. மார்கழியில் விடியலில் கோலம், அதில் புதிதாக ஒரு புள்ளி வரிசை, அதைப் பார்த்து ஒரு புதுப் போர்வை.

மாமா நல்லவர். டாலர் விலைக்கு வாங்கிய உருளும் கத்தியைத் தீபாவளிக்குச் சோமாஸ் வெட்ட எடுத்ததைத் தவிர அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு ஒரு சரித்திர அறிவு உண்டு. இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் உள்ளதுபோல அவர் வீட்டிலும் பென்னிகுவிக் படம் மாட்டியிருக்கிறது. "வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போயும் 1887-ல ஆரம்பிச்ச அணையை 1895-ல முடிச்சுட்டாரு வெள்ளைக்காரரு" என்பார் படத்தைப் பார்த்து. மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயிலை 2010 கடைசியில் நிறுத்தினார்கள். அகலப்பாதை 2022-ல் தேனி வந்து, 2023 ஜூனில் போடியைத் தொட்டது. ரயில் நின்ற வருஷம் தொடங்கிய போர்வை இன்னும் அவுட்டரில் நிற்கிறது. ரயில்வேயே ஜெயித்துவிட்டதே என்பதுதான் மாமாவின் வருத்தம்.

அத்தையின் அம்மாவுக்கு டெக்னிக் எதுவும் தெரியாது. மகளுக்கு மாசம் நெருங்கினால் நைந்த நூல்சேலையை நாலாக மடித்து ஒரே மத்தியானத்தில் ஓட்டுத்தையல் போட்டு முடித்துவிடுவார். வங்காளத்துக் காந்தாவும் பழஞ்சேலை அடுக்கியதுதான். தைக்கிற நூலையும் சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொண்டார்கள். அமெரிக்காவில், அலபாமாவின் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரில் கறுப்பினப் பெண்கள் வயலுக்குப் போட்டுக் கிழிந்த கால்சட்டைகளை ஒட்டித் தைத்த போர்வைகள் 2002-ல் அருங்காட்சியகம் ஏறின, 2006-ல் தபால்தலையாயின. அவர்கள் தபால்தலைக்காகத் தைக்கவில்லை. வீட்டுக்குள் குளிர் வந்தது, தைத்தார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில் சித்திப் பெண்கள் கவந்தி தைக்கையில் ஓரத்திலேயே ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். இதை அத்தையிடம் சொன்னேன். ஓரத்தில் ஆரம்பித்தால் ஓரம் பாக்கி இருக்காதே! உடனே ஆரம்பித்தார். இப்போது நடுப்பக்கம் பாக்கி.

அத்தைமேல் தப்பில்லை. போர்வையை முடித்து வைப்பது குளிரும் பிரசவமும்தான். தொட்டில் பிள்ளைக்கு இப்போது கடையிலேயே எல்லாம் கிடைக்கிறது. மின்விசிறிக்கு அடியில் வேர்த்துக் கிடக்கிற ஊரில் பஞ்சுப்போர்வைக்கு அவசரப்படுகிறவர் யார்?

அப்படி ஒருத்தி இருந்தாள். இருட்டோடு ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள். லயத்தில் தங்கும் வேலை ஒன்று வந்தபோது அத்தையிடம் வந்து, "மதினி, மேல ஒரே குளுரு. அந்த ஓரம் அடிக்காதது ஒண்ணு சும்மாதான கெடக்கு?" என்றாள். அத்தை கொடுத்துவிட்டார். வேலை முடிந்து இறங்கியபோது அதைப் போர்த்திக்கொண்டே வந்தாள். உள்ளே பழஞ்சேலை ஒன்றை மடித்து வைத்து, ஏலக்காய் மூட்டை தைக்கும் கோணி ஊசியால், சணலில், விரல் நீளத்துக்கு ஒரு தையலாக நான்கு ஓரமும் அடித்திருந்தாள். வாத்துகள் கச்சிதமாக அடங்கியிருந்தன.

அத்தை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஏத்தா, இது எந்த ஊரு டெக்னிக்கு?"

"குளுரு டெக்னிக்கு மதினி."

மறுநாள் காலையில் அத்தை கம்பம் கடைவீதியில் கோணி ஊசியும் சணல் கண்டும் வாங்கிக்கொண்டிருந்தார். புதுப் போர்வை ஒன்று அருமையாக ஆரம்பமாகியிருக்கிறது.