மலைக்கு மேலே தினமும் பந்த்

2012 ஜனவரி 18 அன்று, இணையத் தணிக்கைக்கு வழிவகுக்கும் அமெரிக்க மசோதாக்களைக் கண்டித்து ஆங்கில விக்கிப்பீடியா ஒரு நாள் முழுக்கக் கதவைச் சாத்தியது. உலகமே திரும்பிப் பார்த்தது. கல்வராயன் மலையின் பல சிற்றூர்களில் செல்போன் சிக்னல் அதே போராட்டத்தை அடிக்கடி நடத்துகிறது; யாரும் கண்டுகொள்வதில்லை.

கீழே கள்ளக்குறிச்சியில் சிக்னலுக்குக் குறைவில்லை, பயத்துக்கும் குறைவில்லை. 2022 ஜூலை கனியாமூர் பள்ளிக் கலவரத்துக்குப் பின், வாட்ஸ்அப் குழுவில் ஆள் திரட்டியதாகச் சிலரைப் போலீஸ் பிடித்தது. இன்று ஏதாவது ஊர்க் குழுவில் போய் 'தணிக்கைச் சட்டம் வந்தால், விக்கிப்பீடியா போல ஒரு நாள் குழுவை மூடி நாமும் எதிர்க்கலாமா?' என்று கேட்டுப் பாருங்கள். கேள்வியையே அட்மின் அழித்துவிடுவார். அரசாங்கத்துக்கு எவ்வளவு வேலை மிச்சம்!

'சின்னக் குழு, நம்மை யார் தொடப்போகிறார்கள்' என்பார்கள். 2025 பிப்ரவரியில் ஒரு கார்ட்டூனுக்காக முடக்கப்பட்டது நூற்றாண்டைத் தொடவிருந்த விகடனின் இணையதளம். அவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். மலைமேல் கரியாலூரின் வாட்ஸ்அப் குழு எங்கே போகும்? அதன் மொத்தச் சொத்தே காலை வணக்கப் படங்கள்தான்.

ஆனாலும் அந்தக் குழுவும் ஒரு நாள் மூடி எதிர்ப்பில் சேரட்டும் என்பேன். ஒரு நாள் காலை வணக்க ரோஜாப்பூ வராவிட்டால், சித்தப்பாக்களாவது 'என்னப்பா ஆச்சு?' என்று விசாரிப்பார்கள்.