தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு ஒரு மாட வீதி விண்ணப்பம்

பெறுநர்: இந்தியத் தரவுப் பாதுகாப்பு வாரியம், தேசியத் தலைநகரப் பகுதி.
அனுப்புநர்: கம்ப்யூட்டர்காரர், மாட வீதி வட்டாரம், மயிலாப்பூர், சென்னை-4.



2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு, 2025 நவம்பரில் ஒருவழியாக விதிகள் வந்து சேர்ந்தன. வாரியத்துக்கான விதிகள் உடனே அமலுக்கு வந்தன. எங்களுக்கான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறீர்கள். 2027 மே மாதத்துக்குள் மயிலாப்பூரைத் திருத்திவிட வேண்டும் என்ற தங்கள் நம்பிக்கைக்கு முதலில் நன்றி.

நான் கபாலி கோயிலைச் சுற்றியுள்ள சிறு கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். பாத்திரக்கடை, ஆடிட்டர் ஆபீஸ், கேட்டரிங்காரர், பல் டாக்டர், பாட்டு வகுப்பு, கல்யாணத் தகவல் மையம், ஜெராக்ஸ் கடை. பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் நான்தான், டேலி திறக்கவில்லை என்றாலும் நான்தான். கிளம்பும்போது, “அப்படியே இந்த ஃபேனையும் பார்த்துடுங்களேன்” என்பார்கள், அதற்கும் நான்தான். பெரிய கம்பெனிகளில் தகவல் பாதுகாப்பு அதிகாரி, நெட்வொர்க் பிரிவு, ஹெல்ப்டெஸ்க், சட்டப் பிரிவு என்று நாலு மாடியில் உட்கார்ந்திருக்கும் கூட்டம், எங்கள் பக்கத்தில் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கும்.

தங்கள் விதிகளை என் வாடிக்கையாளர்களுக்கு விளக்கிச் சொல்லும் பொறுப்பும் அந்த ஸ்கூட்டரின் தலையில்தான் விழுந்திருக்கிறது. போதிய பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை என்று ஜெராக்ஸ் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் பயப்படவில்லை, கால்குலேட்டரை எடுத்தார். பக்கம் இரண்டு ரூபாய் வீதம் 125 கோடி பக்கம். “டோனரையும் அவங்களே தருவாங்களா சார்?” என்று கேட்டார். தவறின் தன்மை, தீவிரம் எல்லாம் பார்த்து, அளவுக்குத் தக்கபடிதான் அபராதம் போட வேண்டும் என்று சட்டத்தின் 33-ஆம் பிரிவே சொல்கிறது என்று ஆறுதல் சொன்னேன். அளவை யார் எடுப்பார்கள் என்றார். தாங்கள்தான் என்றேன்.

அந்தக் கடையின் கம்ப்யூட்டரைத் தாங்கள் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். திரையில் கபாலி கோயில் கோபுரத்தை வால்பேப்பராக வைத்திருக்கிறார். ஐகான்கள் மண்டியதில் இப்போது கலசம் மட்டும்தான் தெரிகிறது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் வாட்ஸ்அப் வெப் திறக்கும். ராத்திரி வரை மூடாது. தெருவே அந்த எண்ணுக்கு அனுப்புகிறது: ஆதார் முன்பக்கம், ஆதார் பின்பக்கம், பான் கார்டு, பாங்க் பாஸ்புக் முதல் பக்கம், ஸ்கேன் ரிப்போர்ட், வாடகை ஒப்பந்தம், பேத்தியின் மார்க் ஷீட். எல்லாம் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இறங்குகிறது. பாஸ்வேர்டு இருக்கிறது; மறந்துவிடக் கூடாதே என்று மானிட்டர் விளிம்பில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

நோக்கம் நிறைவேறியதும் தரவை அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். நானும் அழிக்கக் கையை வைத்தேன். கடைக்காரர் பாய்ந்து வந்து மவுஸைப் பிடித்துக்கொண்டார். “அதை மட்டும் பண்ணிடாதீங்க சார். மாமி வந்தா நான் என்ன பதில் சொல்றது?” சொல்லி வாய் மூடவில்லை, ஒரு மாமி வந்தே விட்டார். “ஏம்ப்பா, போன மாசம் மாமாவோட ஆதார் அனுப்பிச்சேனே, அதுலயே இன்னும் ரெண்டு காப்பி போட்டுடேன்.” தங்கள் சட்டம் குடிமக்களுக்கு அழிக்கச் சொல்லும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. எங்கள் குடிமக்கள் கேட்பதோ அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லும் உரிமையை. வீட்டு போன் தொலைந்தாலும், பேரன் பென் டிரைவை ஃபார்மட் செய்தாலும், ஜெராக்ஸ் கடையில் இருக்கும் என்ற தைரியத்தில்தான் பாதித் தெரு தூங்குகிறது.

இந்த ஃபோல்டர் ஆபத்தில்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆதார் நகலை வைத்துக்கொண்டு யார் பெயரிலோ சிம் வாங்குவதும் கடன் வாங்குவதும் கதையல்ல. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன பிறகுதான் இந்தச் சட்டமே வந்தது. நான் கேட்பது சின்ன விஷயம். அந்த நகல்களைக் கடைக்காரர் கேட்டாரா? ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஏதோ ஒரு கவுன்டர் இருக்கிறது. அதற்குப் பின்னால், தலையை நிமிர்த்தாமலே “ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு வெச்சிடுங்க” என்று சொன்ன ஒருவர் இருக்கிறார். அந்த நகல்கள் போய்க் குவியும் கவுன்டர் அலமாரியைப் பூட்டச் சொல்லி யாருக்குக் கடிதம் எழுதுவது?

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் உருப்படியான அறிவிப்பு ஒன்றை வெளியிட்டது. ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள். கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். பொதுக் கம்ப்யூட்டரில் டவுன்லோட் செய்தால் மறக்காமல் அழித்துவிடுங்கள். அதைப் பிரின்ட் எடுத்துக் கடையில் ஒட்டலாம் என்றிருந்தேன். மே 29-ஆம் தேதியே, மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வழக்கமான எச்சரிக்கையோடு இருந்தால் போதுமாம். எங்கள் வழக்கமான எச்சரிக்கைதான் அந்த செல்லோடேப்.

அடுத்தது கடிகாரம். இது தங்கள் விதி அல்ல, தங்கள் பங்காளியான, சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் செர்ட்-இன் என்ற அரசு அமைப்பின் உத்தரவு. 2022 ஏப்ரல் 28 தேதியிட்டது. சைபர் தாக்குதல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், எல்லாக் கம்ப்யூட்டர்களின் நேரமும் அரசு சொல்லும் நேர சர்வரோடு ஒத்துப்போக வேண்டும். சிறு தொழில்களுக்குச் செப்டம்பர் வரை தவணை கொடுத்தார்கள். பாத்திரக்கடை பில் கம்ப்யூட்டரில் மதர்போர்டு பேட்டரி செத்து நாளாகிறது. தினமும் காலையில் அது 2009 ஜனவரி 1-இல் கண் விழிக்கும். முதலாளி தேதியை மாற்றிவிட்டு, சுவர்க் காலண்டரில் ராகுகாலம் பார்த்து, அதன் பிறகுதான் பில் போடுவார். அங்கே தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்தை எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்பதைத் தாங்களும் செர்ட்-இன்னும் பேசி முடிவு செய்ய வேண்டும். தங்களுக்கு விவரம் தர வேறு 72 மணி நேரக் கணக்கு இருக்கிறது. லாக்கையும் தாங்கள் ஓராண்டு கேட்கிறீர்கள். புதுப் பேட்டரி நூறு ரூபாய்க்குள்தான். ஓடுற வண்டியை ஏன் நிறுத்தணும் என்கிறார் முதலாளி.

கல்யாணத் தகவல் மையத்துக்குத் தனி அமர்வே தேவைப்படும். ஒப்புதல் என்பது சுதந்திரமாக, குறிப்பாக, விவரம் அறிந்து, நிபந்தனையின்றி, ஐயத்துக்கு இடமின்றித் தரப்பட வேண்டும் என்கிறது தங்கள் ஆறாம் பிரிவு. பையன் டெக்சாஸில் இருக்கிறான். ஜாதகம், கோத்திரம், சம்பளம், உயரம், மூக்குக்கண்ணாடி உண்டா இல்லையா எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தவர் அப்பா. பையனுக்கு விஷயமே தெரியாது. தெரிந்தால் கொடுக்க விடமாட்டான் என்பதால்தான் சொல்லவில்லை. அவனுக்கு வயது முப்பதுக்கு மேல். அவனுடைய தரவுக்கு அவனே அதிபதி என்று நான் விளக்கியபோது, மையத்து அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா தம்பி?” என்று மட்டும் கேட்டார். என் தரவும் அன்றே பதிவாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

அழிப்பு விஷயத்திலும் அங்கே சிக்கல். ஜாதகம் வாட்ஸ்அப் குழுக்களில் கிளம்பிவிட்டால், கல்யாணம் ஆகி, குழந்தைக்கு ஆயுஷ்ஹோமம் நடந்து முடிந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும். சேலத்திலிருந்து ஒருவர் போன் செய்து, “பையனுக்கு இன்னும் பார்க்கறேளா?” என்பார். மருமகளே எடுத்து பதில் சொல்வாள்.

பாட்டு வகுப்பில் எல்லோரும் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். சிறார் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். குழந்தைகளின் நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது. மீறினால் 200 கோடி வரை. டீச்சரின் லேப்டாப்பில் ஒவ்வொரு குழந்தையும் எந்த வர்ணத்தில் எந்த இடத்தில் தாளம் விட்டது என்று தேதி போட்டுக் குறிப்பு இருக்கிறது, வீடியோவோடு. கல்வி நிலையங்களுக்கு விதிகளில் சில விலக்குகள் உண்டு என்று படித்தேன். கூடத்தில் நாலு பாய் விரித்து நடக்கும் வகுப்பு கல்வி நிலையத்தில் சேருமா? டிசம்பர் சீசனுக்கு முன் பதில் தெரிந்தால் நல்லது; அதன் பிறகு டீச்சரைப் பிடிக்க முடியாது.

விலக்கு என்றதும் 17-ஆம் பிரிவு ஞாபகம் வருகிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக எந்த அரசு அமைப்பையும் இந்தச் சட்டத்திலிருந்தே வெளியே நிறுத்திவிட மத்திய அரசால் முடியும். ஸ்டார்ட்-அப்களுக்கும் சில பிரிவுகளிலிருந்து விலக்குத் தரலாம். தாத்தா ஆரம்பித்த பாத்திரக்கடையை ஸ்டார்ட்-அப் என்று காட்ட வழியுண்டா என்று முதலாளி கேட்கிறார். அவர் மகன் கடைக்கு லோகோ ஒன்று போட்டிருக்கிறான். அது போதுமா?

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை ரான்சம்வேர் முடக்கியதே, நினைவிருக்கிறதா? நாட்டின் தலைசிறந்த ஆஸ்பத்திரி. கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஓ.பி. சீட்டிலிருந்து பரிசோதனை முடிவு வரை காகிதத்தில் கைப்பட எழுதித்தான் சமாளித்தார்கள். இதைப் பல் டாக்டரிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. அவரிடம் இன்னும் நோயாளிகளின் நீள நோட்டு இருக்கிறது.

அங்கேதான் எனக்கும் பொறி தட்டியது. சட்டத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். டிஜிட்டல் வடிவில் உள்ள தரவுக்கும், பின்னால் டிஜிட்டல் ஆக்கப்படும் தரவுக்கும்தான் அது பொருந்தும். நோட்டில் எழுதி, நோட்டிலேயே விட்டுவிட்டால் எந்தப் பிரிவும் தொடாது. ஒப்புதல் அறிவிப்பு வேண்டாம், லாக் வேண்டாம், 72 மணி நேரம் வேண்டாம். இதுவரை இந்தக் கடைகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் வாங்கு, மென்பொருள் போடு, டிஜிட்டலுக்கு மாறு என்று அரசும் நானும் சேர்ந்து ஓதிக்கொண்டிருந்தோம்.

ஆகவே வாரியத்தாருக்குத் தெரிவித்துக்கொள்வது: எங்கள் வட்டாரம் 2027 மே மாதத்துக்குத் தயாராகி வருகிறது. கேட்டரிங்காரர் கேரியர் சாப்பாட்டு வாடிக்கையாளர் பட்டியலைக் காலிகோ அட்டை போட்ட நோட்டுக்கு மாற்றிவிட்டார். பல் டாக்டர் கம்ப்யூட்டர் மேஜையில் மறுபடி நோட்டுகளை அடுக்கிவிட்டார். பாத்திரக்கடை முதலாளி மட்டும், நோட்டுக்கு மாறினால் என் வருடாந்தரப் பராமரிப்பு (ஏ.எம்.சி.) பணத்தைக் குறைப்பேனா என்று கேட்கிறார். குறைக்க முடியாது, கரையானுக்கு மருந்தும் நான்தான் போடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கம்ப்யூட்டர்காரர்